பூ ஒன்றுபோல், செடி வேறுவேறு

மழை ஓய்ந்த காலையில் சாலையின் நடுத்திட்டிலும் பூங்காக்களின் ஓரத்திலும் கம்பளம் விரித்தாற்போல் மஞ்சள் பூக்கள் மலர்ந்திருப்பதைக் காண்கிறோம். கொச்சியிலும் மும்பையிலும் பெங்களூருவிலும் இக்காட்சி பொதுவானது. "மஞ்சள் கரிசலாங்கண்ணி இவ்வளவு கிடக்கிறதே!" என்று மகிழ்ந்து ஒரு கைப்பிடி கிள்ளி வருவோரும் உண்டு. கீரையாகச் சமைக்கவும், நிழலில் உலர்த்திப் பொடி செய்யவும், தலைக்கு எண்ணெய் காய்ச்சவும் அது பயன்படும் என்பது அவர்களின் எண்ணம். ஆனால் அவர்கள் பறித்து வந்தது பெரும்பாலும் வேறொரு செடியாகவே இருக்கும்.

நம் மருத்துவ மரபு போற்றும் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. பழைய நூல்களில் இதனை வெடேலியா என்ற பெயரில் காணலாம். இந்தியா தொடங்கிச் சீனா, ஜப்பான் வரை இயல்பாக வளர்வது இது. இந்தியில் பீலா பாங்ரா என்றும் மலையாளத்தில் மஞ்ஞக் கையோன்னி என்றும் வழங்குவர். வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம், கடற்கரையை அடுத்த ஈரநிலம் ஆகியவை இதன் இருப்பிடங்கள். இச்செடியிலிருந்து பிரித்தெடுத்த வெடேலோலாக்டோன் என்னும் பொருளின் அமைப்பை வேதியியல் அறிஞர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் உடன் பணியாற்றியோரும் 1956-இல் வெளியிட்டனர். செடியின் பழைய பெயரே அப்பொருளின் பெயரிலும் அமைந்துவிட்டது.

சாலையோரக் கம்பளமாக விரிந்திருப்பது இதன் நெருங்கிய உறவான ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. நாற்றங்கால்களில் இதற்குச் சிங்கப்பூர் டெய்சி என்று பெயர். பெயரில் சிங்கப்பூர் இருந்தாலும் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா; மெக்சிகோவிலிருந்து கரீபியத் தீவுகள் வரை அதன் சொந்த மண். அழகுக்காகவும் மண்ணை மூடி வளர்வதற்காகவும் கொண்டுவரப்பட்டு, இன்று உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

இரண்டையும் பூவைக் கொண்டு பிரிக்க முயல்வது வீண் வேலை. நிறம் ஒன்று, அளவும் ஏறத்தாழ ஒன்றே. நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் பல சிறு பூக்களின் தொகுப்பு. ஓரத்தில் இதழ்போல் நீண்டவையும் நடுவில் குழல்போன்றவையும் சேர்ந்து ஒரே மலராகத் தோன்றுகின்றன. ஓரப் பூக்களின் எண்ணிக்கை ஒரே செடியிலேயே மாறக்கூடும்.

எனவே இலைக்கு வருவோம். நாட்டுச் செடியின் இலை ஒடுங்கி நீண்டது. அகலம் பெரும்பாலும் 1 முதல் 2 செ.மீ. அளவில் அடங்கும். ஓரம் பிளவுபடாமல் இருக்கும், அல்லது ஆங்காங்கே சிறு பற்கள் தென்படும். விரலால் தடவினால் இருபுறமும் சொரசொரப்பு. அயல் செடியின் இலை 2 முதல் 5 செ.மீ. வரை அகன்று, சதைப்பற்றுடன், எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும். அதன் இருபக்கமும் ஒவ்வொரு மடல் புடைத்து நிற்பதால் இலை மூன்றாகப் பிரிந்தாற்போல் காணப்படும். டிரைலோபேட்டா என்ற பெயருக்குப் பொருளே மூன்று மடலுடையது என்பதுதான்.

ஓர் எச்சரிக்கை: இளந்தளிரிலும் நிழலில் வளர்ந்த கொடியிலும் மடல்கள் தெளிவாக அமையாமல் போகலாம். காசோலையின் கையொப்பத்தை ஓர் எழுத்தை மட்டும் பார்த்து ஏற்பதில்லை அல்லவா? அதுபோலவே ஓர் இலையை நம்பாமல் முதிர்ந்த இலைகள் பலவற்றைப் பார்த்து, தடவியும் அறிதல் வேண்டும். தென்சீனாவில் இவ்விரண்டும் கலந்து உருவான கலப்பினமும் கண்டறியப்பட்டிருக்கிறது. இரண்டும் அருகருகே வளரும் இடங்களில் ஐயம் தீராவிட்டால் பறிக்காமல் விடுவதே நன்று.

வெட்டுக்காயப் பூண்டையும் சிலர் இவற்றோடு குழப்பிக்கொள்வதுண்டு. அதைப் பிரிப்பது எளிது. அதன் ஓரப் பூக்கள் வெளிறிய நிறத்தவை; பெரும்பாலும் ஐந்தே இருக்கும். விதை முதிர்ந்ததும் இறகுக் குஞ்சத்துடன் காற்றில் பறக்கும். மற்ற இரண்டிலும் அத்தகைய குஞ்சம் இல்லை.

அயல் செடியை நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. கரீபியத் தீவுகளில் அதற்கும் நாட்டு மருத்துவப் பயன்கள் உண்டு. ஆயினும் நம் மருத்துவ நூல்கள் பேசும் மூலிகை அதுவன்று. ஒன்றற்குரிய அளவையும் பயனையும் மற்றொன்றின்மேல் ஏற்றுவது முறையாகாது. சாலையோரப் புகையும் கழிவுநீரும் படிந்த இலையை உண்ணலாகாது என்பது தனிச் செய்தி. பொடியாக வாங்குவோருக்குக் கண் உதவாது. அங்கே விற்பவரின் அறிவையும் நேர்மையையுமே நம்ப வேண்டியுள்ளது. கட்டுக்கீரையாக வாங்கினால் இலையை விரித்துப் பார்க்க இடமுண்டு.

வீட்டில் வளர்க்க விரும்புவோர், இனம் உறுதியான செடியிலிருந்து இரண்டு கணுக்கள் கொண்ட தண்டை வெட்டி ஈரமண்ணில் நட்டால் போதும். அயல் செடி ஏற்கெனவே தோட்டத்தில் பரவியிருந்தால், பிடுங்கிய தண்டுகளை வாய்க்காலிலோ காலிமனையிலோ எறிந்துவிடாதீர்கள். அது விதையைவிடத் தண்டாலேயே அதிகம் பரவுவது; கணு ஒன்று ஈரத்தில் பட்டாலே வேர் பிடித்துவிடும். வெயிலில் காங்கிரீட் தளத்தின்மேல் பரப்பி, சருகாகும்வரை காயவிட்ட பிறகே உரக்குழியில் இடுங்கள்.