டெலிட் பண்ணியாச்சு... ஆனா போகலை!

பென் டிரைவ்ல இருந்து டெலிட் பண்ணின ஃபைல் ஒரேயடியா போயிடுச்சுன்னு நம்புற ஆளா நீங்க? கையைக் கொடுங்க பாஸ்! போன செமஸ்டர் வரைக்கும் நானும் உங்க கட்சிதான்.

புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல் நாள். ஸ்காலர்ஷிப்புக்காக ஸ்கேன் பண்ணின அம்மாவோட ஆதார் கார்டு, பாங்க் பாஸ்புக், கூடவே நாலு சினிமா... எல்லாத்தையும் லேப்ல, உபுண்டு போட்ட சிஸ்டத்துல டெலிட் பண்ணிட்டேன். அப்புறமும் டெமோ வீடியோவுக்கு இடமில்லைன்னு அடம்பிடிச்சது. ரிப்போர்ட்டை மட்டும் ஏத்திக்கிட்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். அங்கே விண்டோஸ். டிரைவைத் திறந்ததுமே ‘.டிராஷ்-1000’னு ஒரு ஃபோல்டர். “இதுவா தம்பி பிரின்ட்?”னு கடைக்கார அண்ணன் க்ளிக் பண்ணிக்கிட்டே போக, ஸ்கிரீன் முழுக்க அம்மாவோட ஆதார். பின்னாடி க்யூவுல பத்து பேர்!

விஷயம் இதுதான். லினக்ஸில் டெலிட் தட்டினால் ஃபைல் அழிவதில்லை. அதே டிரைவுக்குள் மறைவாக இருக்கும் குப்பைத்தொட்டிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அதனால் இடமும் காலியாகாது. 1000 என்பது உபுண்டுவில் முதல் யூஸருக்குக் கிடைக்கும் எண். தொட்டிக்குள் ‘ஃபைல்ஸ்’, ‘இன்ஃபோ’ என்று இரண்டு அறைகள். முதல் அறையில் சரக்கு. அடுத்ததில் அதன் ஜாதகம்: எங்கே இருந்தது, எப்போது டெலிட் ஆனது என்பது வரை! பெயர் புள்ளியில் ஆரம்பித்தால் லினக்ஸ் மறைத்துவிடும். விண்டோஸ் அந்தப் புள்ளியை மதிக்காது. மேக்கில் இதே வேலைக்கு ‘.டிராஷஸ்’.

விண்டோஸ்ல பென் டிரைவுக்கு வழக்கமா ரீசைக்கிள் பின்னே கிடையாது, நேரா காலி. அந்தப் பழக்கதோஷம்தான் நம்மளைக் கவுக்குது. (2008-ல வந்த கான்ஃபிக்கர் வைரஸ், பென் டிரைவ்ல ‘ரீசைக்ளர்’னு ஒரு ஃபோல்டர் போட்டுத்தான் பதுங்கிச்சு. குப்பையை யாரு கிளறப்போறா!)

அதனால, டிரைவைக் கழட்டுறதுக்கு முன்னாடியே டிராஷைக் காலி பண்ணிடுங்க. மறந்துட்டீங்களா? லினக்ஸ்ல கன்ட்ரோல் + ஹெச் தட்டினா தொட்டி தெரியும். ஷிஃப்ட் + டெலிட் தட்டினா காலி. அதுக்கு முன்னாடி உள்ளே ஒரு தடவை எட்டிப் பாருங்க. என் ரூம்மேட் தவறுதலா அழிச்ச செமினார் பிபிடி அங்கேதான் பத்திரமா உட்கார்ந்திருந்தது!

இவ்வளவு பண்ணினாலும் ரெகவரி சாஃப்ட்வேர் போட்டா சிலது திரும்ப வரும். அதனால கடைக்குன்னே பழைய 2 ஜி.பி. டிரைவ் ஒண்ணு வெச்சிருக்கேன். அதுல அம்மாவோட ஆதார் ஏறவே ஏறாது.