மைனஸ் 40-இல் ஒரு பொங்கல்: குளிர்நாட்டில் கார் ஓட்டப் போகும் பிள்ளைகளுக்கு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த நிகழ்ச்சிக்கு வந்த கடிதங்களில் ஒன்றை நடத்துநர் என் கையில் கொடுத்திருக்கிறார். ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்குக் கனடாவில், எட்மண்டன் நகரில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஜனவரியில் புறப்படுகிறாராம். "கனமான கோட்டு இரண்டு வாங்கிவிட்டேன், இன்னும் என்ன வாங்கட்டும்?" என்று கேட்கிறார்.

அம்மா, கோட்டு வாங்கியது போதும். உண்மையைச் சொன்னால், அந்த ஊர்க் கோட்டை அந்த ஊரில் வாங்குவதே நல்லது. நம் கடைகளில் விற்பவை பெரும்பாலும் கேமரன் மலைக்குத்தான் தாங்கும். நீங்கள் மகனிடம் பேச வேண்டியது வேறொன்று. அவர் பினாங்கில் கார் ஓட்டப் பழகியவர். அந்தப் பழக்கம் கையிலும் காலிலும் ஊறியிருக்கும். அதில் பாதியை அங்கே மறக்க வேண்டியிருக்கும்.

நான் வானிலை நிபுணன் அல்லன். ஜார்ஜ்டவுனில் 35 ஆண்டுகள் கார் ஓட்டியவன். என் மகளும் மருமகனும் எட்மண்டனில் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் போய், அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர்களோடு இருந்துவிட்டு வந்தேன். கண்டதையும் பட்டதையும் சொல்கிறேன்.

நம் பினாங்கில் விடியற்காலையிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கொடிமலை உச்சியில் அதைவிட ஐந்து டிகிரி குறைந்தால் சால்வையைத் தேடுகிறோம். எட்மண்டனில் 2024 ஜனவரி இரண்டாம் வாரத்தில் மைனஸ் 40-ஐத் தாண்டிக் கீழே போனது. மைனஸ் 40 ஒரு விந்தையான எண். செல்சியஸில் சொன்னாலும் பாரன்ஹீட்டில் சொன்னாலும் அது மைனஸ் 40 தான். 13-ஆம் தேதி மாலை வீட்டிலிருந்த கைத்தொலைபேசிகள் எல்லாம் ஒன்றாக அலறின. மின்சாரம் போதவில்லை, வேண்டாத விளக்குகளை அணையுங்கள், மின்கார்களுக்கு இப்போது மின்னேற்ற வேண்டாம் என்று ஆல்பர்ட்டா மாநிலத்தின் அவசர அறிவிப்பு. மக்களும் கேட்டார்கள். சில நிமிடங்களில் மின்பயன்பாடு இறங்கி, மின்வெட்டு தவிர்க்கப்பட்டது. அதற்கு இரண்டாம் நாள் பொங்கல். வாசலில் பானை வைக்க முடியுமா? சமையலறை அடுப்பில்தான் பொங்கியது.

கார் மூக்கில் தொங்கும் கம்பி

போய் இறங்கியதும் ஒன்றைக் கவனித்தேன். பல கார்களின் முன்பக்கத்திலிருந்து ஒரு மின்கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. "எல்லாம் மின்காரா?" என்று மருமகனைக் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சிறு வயதிலேயே கனடாவுக்குப் போனவர். சிரித்துவிட்டார். அது என்ஜினைச் சூடாக்கும் ஒரு சிறு ஹீட்டர். வீட்டு முற்றத்திலும் அலுவலகக் கார் நிறுத்துமிடத்திலும் அதைச் செருகுவதற்கென்றே மின்துளைகள் வைத்திருக்கிறார்கள்.

காரணம் இதுதான். கடுங்குளிரில் என்ஜின் எண்ணெய் பாகுபோல் இறுகிவிடும். என்ஜினைச் சுழற்ற அதிக வலு வேண்டும். ஆனால், பேட்டரியோ மைனஸ் 18-இலேயே தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்து நிற்கும். நம் ஊரில் இன்னும் ஓராண்டு ஓடக்கூடிய பழைய பேட்டரி அங்கே முதல் குளிர் இரவிலேயே செத்துவிடும். அதனால் குளிர்காலம் வருமுன்பே பேட்டரியைச் சோதிக்க வேண்டும். ஹீட்டரை இரவு முழுவதும் ஓடவிட வேண்டியதில்லை. புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன் ஓடத் தொடங்கும்படி ஒரு டைமர் வைத்தால் போதும்.

வானொலியில் "காற்றோடு சேர்த்து மைனஸ் 40" என்பார்கள். புதிதாகப் போனவர்கள் இதில் குழம்புவார்கள். இது உயிருள்ள தோலுக்கான கணக்கு. வெளியே மைனஸ் 28 என்றால் கார் மைனஸ் 28 வரைதான் குளிரும். காற்று அதைச் சீக்கிரம் அங்கே கொண்டுபோகும், அவ்வளவுதான். நம் விரலுக்கும் காதுக்கும் அப்படி இல்லை. காற்றுக் கணக்கு மைனஸ் 28-ஐ எட்டினால் 10 முதல் 30 நிமிடத்திலும், மைனஸ் 40-ஐ எட்டினால் 5 முதல் 10 நிமிடத்திலும் மூடாத தோல் உறையக்கூடும் என்கிறது கனடா வானிலைத் துறை. பெட்ரோல் நிலையத்தில் கையுறை இல்லாமல் நிற்கும் நேரமே அவ்வளவு ஆகிவிடும்.

என் மடமையையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் காலை காரின் முன் கண்ணாடி முழுவதும் ஐஸ் படிந்திருந்தது. சுரண்டிக்கொண்டிருப்பானேன் என்று உள்ளே போய்க் கேத்தலில் கொதிநீர் கொண்டுவந்தேன். "அப்பா, ஊத்தாதீங்க!" என்று மகள் கத்திக்கொண்டே ஓடிவந்தாள். ஊற்றியிருந்தால் கண்ணாடி விரிந்திருக்கும். ஊற்றிய நீரும் மறு நிமிடமே ஐஸாகியிருக்கும். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரு சிறு துளை செய்துகொண்டு கிளம்பக்கூடாது. கூரை மேல் உள்ள பனியையும் தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் போடும்போது அது மொத்தமாகச் சரிந்து கண்ணாடியை மூடும். கண்ணாடி கழுவும் நீரும் நம் ஊர் நீராக இருக்கக்கூடாது. மைனஸ் 40 வரை உறையாதது என்று போட்டு விற்கிறார்கள்.

இதற்கெல்லாம் காலையில் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். எட்டு மணி வேலைக்கு ஏழே முக்காலுக்குச் சாவியை எடுக்கும் பழக்கம் அங்கே செல்லாது. அவசரமாகக் கிளம்புகிறவர்தான் சாலையிலும் அவசரப்படுகிறார்.

"பிரேக்கை மிதிச்சுப் பாருங்கோ மாமா"

டயரைப் பற்றி நம் ஊரில் தேய்ந்துவிட்டதா என்று மட்டும் பார்க்கிறோம். அங்கே குளிர்காலத்துக்கென்று தனி டயர் உண்டு. ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்து, சாலையைப் பிடிக்கும் தன்மை குறையத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் மென்மையாக இருக்கும். மூன்று சிகரமுள்ள மலையும் அதன் நடுவே ஒரு பனித்துகளும் பொறித்திருக்கும்; அதுதான் அடையாளம். கியூபெக் மாநிலம் 2008 முதல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. இப்போது அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஆல்பர்ட்டாவில் அப்படிச் சட்டம் இல்லை. சட்டம் இல்லை என்பதற்காக மகனை விட்டுவிடாதீர்கள். முதல் மாதச் சம்பளத்தில் ஊருக்குப் பணம் அனுப்புமுன் நான்கு டயர் வாங்கச் சொல்லுங்கள். இரண்டு மட்டும் மாற்றுவது ஆபத்து; காரின் ஒரு பாதி பிடிக்கும், மறு பாதி வழுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் என்னை ஆளில்லாத ஒரு பெரிய கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போனார். தரை முழுவதும் பனி இறுகிக் கிடந்தது. என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, "இப்ப ஒருக்கா பிரேக்கை நல்லா மிதிச்சுப் பாருங்கோ மாமா" என்றார். மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். மிதித்தேன். காலுக்கடியில் கடகடவென்று ஒரு நடுக்கம்; கார் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 35 ஆண்டு ஓட்டிய அனுபவம் அந்த நிமிடத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை.

அந்த நடுக்கம் கோளாறு அல்ல. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க ஏபிஎஸ் செய்யும் வேலை. பயந்து காலை எடுக்காமல் அழுத்தியபடியே இருக்க வேண்டும். கார் பக்கவாட்டில் சறுக்கினால் கதை வேறு. அப்போது பிரேக்கிலிருந்தும் எண்ணெய் மிதியிலிருந்தும் காலை எடுத்துவிட்டு, எங்கே போக வேண்டுமோ அங்கே கண்ணை வைத்து ஸ்டீயரிங்கை மெல்ல அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். மோதப்போகும் கம்பத்தைப் பார்த்தால் கை கம்பத்துக்கே கொண்டுபோகும். இதைக் காதால் கேட்டுப் பயனில்லை. மகன் போன முதல் வாரத்திலேயே அனுபவமுள்ள ஒருவரோடு வெற்றிடத்தில் நான்கு முறை சறுக்கிப் பார்க்கட்டும்.

முன்னால் போகும் காருக்கும் நமக்கும் உள்ள இடைவெளி அடுத்தது. நம் ஊரில் இடைவெளி விட்டால் இன்னொருவர் நுழைந்துவிடுவார் என்று ஒட்டிக்கொண்டே போகிறோம். நுழைந்தால் நுழையட்டும். ஐஸில் கார் நிற்க உலர்ந்த சாலையைவிடப் பல மடங்கு தூரம் பிடிக்கும்.

மிகுந்த குளிர் நாளைவிட, சுழியத்தை ஒட்டிய நாளில் சாலை அதிகம் வழுக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்பதால் அப்படி. இறுகிப்போன மைனஸ் 25-இல் டயர் ஓரளவு பிடிக்கிறது. 'பிளாக் ஐஸ்' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். அதற்கு நிறமே கிடையாது. கண்ணாடிபோல் மெல்லியது, அடியிலுள்ள தார் தெரிவதால் கறுப்பாகத் தோன்றுகிறது. ஈரமான சாலை என்று நினைத்துப் போய்விடுவோம். பாலங்களில் இது முதலில் படியும். நம் பினாங்குப் பாலத்தை எண்ணிப் பாருங்கள்: மேலேயும் காற்று, கீழேயும் காற்று. அப்படிப்பட்ட பாலம் தரைச்சாலையைவிட முன்பே உறைந்துவிடும். சாலையில் உப்புத் தூவுகிறார்களே என்று நம்பியிருக்கவும் முடியாது. மைனஸ் 10-க்குக் கீழே உப்பு மந்தமாகிவிடும். அப்புறம் மணலும் சரளையும்தான்.

நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம்

எட்மண்டனுக்கும் கல்கரிக்கும் இடையே ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பிப்ரவரியில் ஒருநாள், ரெட் டீர் நகருக்குச் சற்று வடக்கே, முன்னால் விபத்து என்று எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன. வெளியே மைனஸ் 24. காற்றில் பனி குறுக்கே பறந்தது. பக்கத்துக் கார்கூடத் தெரியவில்லை. பின் இருக்கையில் நான்கு வயதுப் பேத்தி. மூன்று மணி நேரம் அப்படியே இருந்தோம்.

நான் இறங்கிப் போய்ப் பார்த்துவரக் கதவைத் திறந்தேன். மருமகன் விடவில்லை. பனிக்காற்றில் இருபது அடி போனவர்கள் தங்கள் காரையே காணாமல் தவித்ததுண்டாம். காரிலேயே இருப்பதுதான் பாதுகாப்பு. என்ஜினையும் தொடர்ந்து ஓடவிடவில்லை. மணிக்குப் பத்து நிமிடம் போட்டுச் சூடாக்கிவிட்டு நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் காரைப் பிடித்தபடியே இறங்கிப் பின்னால் போய்ப் புகைக்குழாய் வாயிலிருந்த பனியை வாரித் தள்ளினார். காற்றடிக்காத பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினார். இத்தனை குளிரில் கண்ணாடியை இறக்குகிறாரே என்று எனக்கு உள்ளூரக் கோபம். பிறகுதான் விளக்கினார். புகைக்குழாயைப் பனி அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு வாயு காருக்குள்ளேயே திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலிக்கும், தூக்கம் வரும். அந்தத் தூக்கத்திலிருந்து எழ முடியாது.

காரின் பின்பெட்டியில் இரண்டு கம்பளி, சிறிய மண்வாரி, ஒரு பை மணல், டார்ச் விளக்கு, பிஸ்கட், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றி எல்லாம் இருந்தன. பெட்ரோல் முக்கால் தொட்டி இருந்தது. குளிர்காலத்தில் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டாராம். கம்பி காட்டும் வரை ஓட்டுகிற என் பழக்கத்தை நினைத்துக்கொண்டேன்.

பேத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாட்டி தாத்தாக்கள் இதில்தான் தவறு செய்கிறோம். குளிருமே என்று பஞ்சுக் கோட்டைப் போட்டு, அதன் மேல் குழந்தை இருக்கையின் வார்ப்பட்டையைக் கட்டக்கூடாது. மோதும்போது கோட்டு நசுங்கும், பட்டை தளர்ந்துவிடும், குழந்தை நழுவிவிடும். மெல்லிய உடையின் மேல் பட்டையை இறுக்கிவிட்டு, அதற்கு மேல் கோட்டையோ கம்பளியையோ போர்த்த வேண்டும்.

அந்த வாயு வீட்டுக்குள்ளும் வரும். 2013 டிசம்பரில் டொராண்டோ வட்டாரத்தை ஐஸ் மழை தாக்கியது. நம் தமிழர்கள் ஓர் இலட்சத்துக்கும் மேல் வாழும் பகுதி அது. இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போய், சிலருக்கு நாள்கணக்கில் வரவில்லை. வெப்பமூட்ட வழியில்லாமல் கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள்ளும் காராஜிலும் வைத்து ஆபத்தில் சிக்கியவர்கள் உண்டு, உயிரும் போனது. ஒண்டாரியோவில் எரிபொருள் சாதனமோ காராஜோ உள்ள வீடுகளில் இந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி 2014 முதல் கட்டாயம். மகன் வாடகைக்குப் பார்க்கும் அறை பெரும்பாலும் நிலவறையாகத்தான் இருக்கும். அந்தக் கருவி இருக்கிறதா என்று முதலில் கேட்கட்டும். காரைச் சூடாக்க, மூடிய காராஜில் என்ஜினை ஓடவிடவே கூடாது.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. ஒரே தடித்த உடையைவிட மூன்று அடுக்கு நல்லது. உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் அதுவே குளிரும். விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், நெருப்பிலும் காட்டாதீர்கள். உடம்புச் சூடுள்ள நீரில் வையுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறினால் தேறிவிட்டார் என்று பொருளில்லை. உடனே அவசர எண்ணை அழைக்க வேண்டும். மது சூடு தரும் என்பது பொய். தோல் சிவந்து கதகதப்பாகத் தோன்றும், உள்ளேயிருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

நிகழ்ச்சி முடியும் வேளையில் அரங்கிலிருந்த ஒரு பாட்டி, "அங்கே எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா ஐயா?" என்று கேட்டார். தாராளமாகக் குளிக்கலாம். வெப்பமூட்டிய வீட்டில் காற்று வறண்டு தோல் வெடிக்கும்; எண்ணெய் நல்லதுதான். தலையை நன்றாக உலர்த்திய பிறகே வெளியே போக வேண்டும். ஈர முடி வாசலிலேயே விறைத்துவிடும். நல்லெண்ணெய் அப்படியே இருக்கும். தேங்காய் எண்ணெய்தான் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுகிறது. குளியலறை ஜன்னலோரம் வைத்த எண்ணெயை என் மகள் கரண்டியால் சுரண்டித்தான் எடுக்கிறாள். ஆயர் ஈத்தாம் அம்மா, வேறென்ன வாங்கட்டும் என்று கேட்டீர்களே, வாய் அகன்ற போத்தல் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.