தேத்தண்ணியில் நனைந்த மேசைவிரிப்பு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் பல்கலைக்கழக விடுமுறைக்காகக் கேமரன் மலைக்குத் திரும்பினேன். பக்கத்து வீட்டுச் சிறுமிக்குப் பத்து வயது. பள்ளிக் கூட்டாளிகளை எல்லாம் வீட்டுக்கு அழைத்துவிட்டாயா என்று கேட்டேன்.

“இல்லக்கா. நம்ம வீட்டு மேசையில பிளாஸ்டிக் தாளுதான் இருக்கு. டவுன் பிள்ளைங்க சிரிப்பாங்க.”

தானா ராத்தா கடைகளில் மின்னும் தோரணங்கள் இருக்கின்றன. அவள் அம்மா கொழுந்து எடுத்துச் சம்பாதிப்பது அதற்கல்ல. எனவே சுற்றியுள்ள ஐந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டேன். நாங்கள் செலவழித்தது பத்து ரிங்கிட்டுக்கும் குறைவு.

முதலில் மேசைவிரிப்பு. பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியைக் கொதித்த தேயிலைச் சாயத்தில் இரவெல்லாம் ஊறப்போட்டோம். தேயிலையில் உள்ள டானின் பருத்தியைப் பழுப்பாக்கிவிடும். துருப்பிடித்த ஆணிகளைச் சில நாள்களுக்கு முன்பே வினிகரில் போட்டு வைத்திருந்தோம். அந்த நீரைத் தூரிகையில் தொட்டு, காய்ந்த துணியில் பிள்ளைகள் மாங்காய் வடிவம் வரைந்தார்கள். கோடு மெல்ல மெல்லக் கறுத்தது. இரும்பும் டானினும் சேர்ந்தால் கறுப்பு. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக எழுதப் பயன்பட்ட மை இந்த வேதியியலால் ஆனது. ஆந்திராவின் கலம்காரித் துணியின் கறுப்பும் அப்படித்தான். அங்கே இரும்பை வெல்லத்தோடு புளிக்க வைப்பார்கள். இடைநிலைப் பள்ளியில் வேதியியல் படிக்கும் தம்பி தங்கைகள் இதை ஒருமுறை செய்து பாருங்கள், பாடநூலைவிட நன்றாக மனத்தில் நிற்கும்.

அடுத்து அரிசிக் கோலம். நம் நாட்டில் பேரங்காடிகளில் பெரிதாகப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் தட்டில் போட்டோம். நொய்யரிசியில் மஞ்சள் நீரைப் பிசறினால் மஞ்சள். அதில் ஒரு பங்கை எடுத்து வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் கலந்தால் சிவப்பு. சுண்ணாம்பு கையைப் புண்ணாக்கும், அதைப் பெரியவர்கள் கரண்டியால் கலக்க வேண்டும். சங்குப்பூ நீலம் தரும். பழுப்புக்கு, குடித்து முடித்த தேயிலைத் தூளைக் காய வைத்தாலே போதும்.

காய வைப்பதில்தான் சிக்கல். அக்டோபர், நவம்பரில் மலையில் மழையும் மூடுபனியும் விடாது. முதல் நாள் திண்ணையில் பரப்பிய அரிசி மறுநாள் புளித்து நாறியது. தவறு என்னுடையது, பிள்ளைகள் சொல்லிக்காட்டி மகிழ்ந்தார்கள். அடுத்த முறை அடுப்புக்கு அருகில் தட்டுகளை வைத்தோம்.

கவாத்து செய்த தேயிலைக் கிளைகள் விறகாகத்தான் போகும். வளைந்து முறுக்கிய அந்தக் கிளை ஒன்றை மைலோ டின்னில் மண் நிரப்பி நட்டோம். போன ஆண்டின் பணப் பொட்டலங்களை மடித்துக் கத்தரித்துச் சிறு கூண்டு விளக்குகளாக அதில் தொங்கவிட்டோம். உள்ளே மெழுகுவத்தி கூடாது, தாள் பற்றிக்கொள்ளும். அகல் விளக்குகளைத் துணிக்கும் கிளைக்கும் எட்டாமல் வாசலில் வைத்தோம்.

ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் இந்த மலையில் கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இன்று எங்கள் வரிசையில் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். நேப்பாள அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்தார். அவர்களுக்கும் அதே நாள்களில் திஹார் திருநாள். செண்டுமல்லி மாலை இல்லாமல் அது நடக்காது. ஊசியை வாங்கி, என்னைவிட வேகமாகக் கோத்துக் காட்டினார். மேசையின் ஓரத்தைச் சுற்றி ஓடியது அவர் மாலைதான்.

தீபாவளியன்று டவுனிலிருந்து இரண்டு கூட்டாளிகள் வந்தார்கள். முறுக்கைக் கடித்தபடி ஒருத்தி மாங்காய்க் கோட்டை விரலால் தொட்டு, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாள். பதில் சொல்லும் அவசரத்தில் எங்கள் சிறுமி ஆரஞ்சு பானத்தைத் துணிமேல் தட்டிவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்:

“அக்கா, மறுபடியும் தேத்தண்ணியில போட்டா இந்தக் கறை மறைஞ்சிடுமா?”