எந்தச் சேலம்?

தேடுபொறியில் ஒருவர் ஆங்கில எழுத்தில் 'சேலம் வானிலை' என்று தட்டுகிறார். மாம்பழத்துக்குப் பேர்போன நம் சேலமா, அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத் தலைநகரான சேலமா, 1692-ல் சூனியக்காரர்கள் என்று பழிசுமத்திப் பலரைத் தூக்கிலிட்ட மாசசூசெட்ஸ் சேலமா? கையில் இருப்பது இரண்டே சொல். கண் இமைப்பதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

பெயரைக் கண்டுபிடிப்பது எளிது. இலவசமாகக் கிடைக்கும் ஜியோநேம்ஸ் தரவுத்தளத்தில் மட்டும் 1.1 கோடிக்கு மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. அதிலுள்ள எல்லாச் சேலங்களையும் வரிசையாக நிறுத்திவிடலாம். எதை எடுப்பது என்பதில்தான் சிக்கல். மக்கள்தொகை அதிகமுள்ள ஊரை எடு என்பது பழைய விதி. பெரும்பாலும் பலிக்கும்; பலிக்காதபோது கண்டம் தாண்டிப் போய்விடும்.

இயந்திரக் கற்றலில் இப்படி விதி எழுதித் தருவதில்லை. முன்பு தேடியவர்கள் எந்த முடிவைச் சொடுக்கினார்கள் என்ற பதிவுகளைக் கொடுத்துவிடுகிறார்கள். தேடுபவரின் கைபேசி எங்கே இருக்கிறது, சற்றுமுன் என்ன தேடினார், பக்கத்தில் என்ன சொல் வருகிறது என்ற தடயங்களுக்கு எவ்வளவு எடை தரலாம் என்று இயந்திரமே கற்றுக்கொள்கிறது. பக்கத்தில் 'ஏற்காடு' வந்தால் நம் சேலத்துக்கு மதிப்பெண் ஏறும். 'போர்ட்லாண்ட்' வந்தால் ஓரிகனுக்கு.

இதைவிடக் கடினமானது, ஊர்ப் பெயர் ஊரையே குறிக்காத இடம். சென்னையில் இருந்துகொண்டு 'திருநெல்வேலி அல்வா' தேடுபவருக்குத் தேவை பக்கத்துத் தெருக் கடை. அவரே 'திருநெல்வேலி லாட்ஜ்' என்றால் அறை அங்கேதான் வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிடிக்க, சொற்களைத் தனித்தனியாக அல்லாமல் சேர்த்துப் படிக்க வேண்டும். கூகுள் 2018-ல் வெளியிட்ட பெர்ட் என்னும் மொழி மாதிரி அப்படிப் படிப்பதுதான். மறு ஆண்டே அது தேடலில் சேர்ந்தது. பிரேசிலிலிருந்து அமெரிக்கா போக விசா வேண்டுமா என்று கேட்டால், அமெரிக்கர் பிரேசில் போகும் கதையைக் காட்டிவந்த குழப்பம் அதனால் தீர்ந்தது. தமிழில் 'மதுரைக்கு', 'மதுரையிலிருந்து' என்று திசை விகுதியிலேயே இருக்கிறது. விகுதியை வெட்டிவிட்டுப் பெயரை மட்டும் பார்க்கும் நிரல், பயணியைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஒரு குறை மட்டும் நிற்கிறது. சொடுக்குகளிலிருந்து கற்பதால் கூட்டம் போகும் ஊர் பக்கமே இயந்திரம் சாயும். கந்தசுவாமி கோயிலால் யாழ்ப்பாணத்து நல்லூரை அது அறியும். தமிழ்நாட்டுக் குக்கிராம நல்லூர்கள் பின்வரிசைக்குப் போய்விடும். உங்கள் ஊர் அப்படிப்பட்டதென்றால், தேடும்போது மாவட்டப் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள்.