மண்ணெண்ணெயும் சில துளி பெற்றோலும்: வடமராட்சித் தோட்டங்களின் இயந்திர அறிவு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளில் தங்கும் மழைநீரே கிணறுகள் வழியாகத் தோட்டங்களை வாழ்விக்கின்றது. நெல்லியடியைச் சூழ்ந்த வடமராட்சிக் கிராமங்களின் வெங்காயமும் புகையிலையும் இந்நீரையே நம்பி வளர்ந்தவை. துலா மிதித்து நீர் இறைத்த காலம் கழிந்து சிறிய இறைப்பு இயந்திரம் வந்தபின், கயிற்றைச் சுற்றி இழுத்தவுடன் அது இயங்குமா என்பது கமக்காரரின் அன்றாடக் கேள்வியாயிற்று.

1990இல் போர் மீண்டும் மூண்டதன்பின் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோலும் மின்கலங்களும் தடுக்கப்பட்டன, மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெயே அரிதாகவும் பெருவிலைக்கும் கிடைத்தது. இந்நிலையில் இறைப்பு இயந்திரங்கள் மட்டுமன்றி மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் காத்துவைத்த சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு அவற்றை இயக்கினர்.

இதனை வெறும் சமாளிப்பு எனக் கொள்ளுதல் பொருந்தாது. எரிபொருள் திரவமாக அன்றி ஆவியாகவே காற்றுடன் கலந்து எரிகின்றது. பெற்றோல் உறைநிலைக்கு ஏறத்தாழ 40 பாகை கீழேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடும். மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ 38 பாகை சதமளவு வெப்பமேனும் வேண்டும். எனவே குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் எளிதில் பற்றாது; பெற்றோலில் இயங்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெயை ஏற்கும். சில துளிகளின் இரகசியம் இதுவே.

இயந்திரம் இயங்க மறுப்பின் நாம் நோக்கவேண்டியவை மூன்று: நெருக்கம், பொறி, எரிபொருள். கயிற்றை இழுக்கும்போது கை எதிர்ப்பை உணரவேண்டும். எதிர்ப்பு இல்லையேல் வால்வோ பிஸ்ரன் வளையமோ தேய்ந்திருக்கலாம். எதிர்ப்பு இருப்பின், பிளக்கைக் கழற்றி நோக்குதல் வேண்டும். அது கரி படிந்திருப்பின் துடைத்தும், நனைந்திருப்பின் உலர்த்தியும், சிந்திய எரிபொருளை அகற்றியபின் அதன் உலோகப் பகுதியை இயந்திர உடலிற் பொருத்திக் கயிற்றை இழுத்தால் நீலப் பொறி தோன்றவேண்டும். பொறியும் நன்றாயின் குறை எரிபொருளிலேயே உள்ளது. முதல்நாள் மண்ணெண்ணெயில் ஓடி நின்ற இயந்திரத்தின் காபரேற்றர்க் கிண்ணத்தில் அம்மண்ணெண்ணெயே எஞ்சியிருக்கும். அதனை வடித்துவிட்டுச் சிறிது பெற்றோல் இடாதவரை எத்தனைமுறை இழுத்தும் பயனில்லை. நிறுத்துமுன் சிறிதுநேரம் பெற்றோலில் ஓடவிடுதல் முறையாயினும், தடைக்காலத்தில் அது எல்லோர்க்கும் இயலவில்லை.

இதற்கு விலையும் இருந்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் வளையங்களைக் கடந்து இறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்தது. கரியும் விரைவிற் படிந்தது. ஆயினும் கிணற்றுநீர் பயிரை அடைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தமையை நாம் பெருமையுடன் நினைவுகூர்கின்றோம். ஆனால் காரணகாரியம் அறிந்து குறையைப் படிப்படியாகத் தேடும் முறை ஏட்டுக்கு மட்டும் உரியதன்று. பட்டறையிலும் தோட்டத்திலும் அது தமிழிலேயே வழங்கிற்று. உழைப்போரின் அவ்வறிவை, அவர்களுடைய சொற்களோடு, அவர்கள் வாழுங்காலத்திலேயே கேட்டுப் பதிவுசெய்தல் நம் ஆய்வுலகின் கடமையாகும்.