ஏரிச் சேற்றுக்கு வரும் கடற்கரைப் பறவைகள்

கடற்கரைப் பறவைகளைப் படம் எடுக்கக் கோடியக்கரைக்குத்தான் போகணும் என்று நினைக்கிறோம். 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம், அவசியம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கே சேற்றைக் குத்தி இரை தேடும் உள்ளான்களில் சில இனங்கள் நம் சேலம், நாமக்கல் ஏரிகளுக்கும் வருகின்றன. ஆவணி, புரட்டாசியில் வந்து, சித்திரை வாக்கில் திரும்பிவிடும்.

கொசு உள்ளானின் எடை முப்பது கிராம்கூடத் தேறாது. அது குஞ்சு பொரிப்பதோ வடதுருவத்தை ஒட்டிய குளிர்ப் பிரதேசத்தில். பொறி உள்ளான் தண்ணீர் கட்டிய நெல் வயலிலும் இறங்கி, புழு பூச்சிகளைப் பொறுக்கும்.

படம் எடுக்க நல்ல ஜூம் உள்ள கேமரா வேண்டும். அதைவிடப் பொறுமை வேண்டும். காலையில் கிழக்குக் கரையில், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி தாழ்வாக உட்காருங்க. பறவையை நோக்கி நடக்காதீங்க. அசையாமல் இருந்தால் அதுவே மேய்ந்துகொண்டு பக்கத்தில் வரும். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால், தரையில் கூழாங்கல் போலக் கிடக்கும் அதன் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று அர்த்தம். படத்தை விட்டுவிட்டுத் திரும்பிடணும். தாய் விலகி இருந்தால் முட்டை வெயிலில் கெட்டுப்போகும்.

எடுத்த படத்தில் பறவையின் காலைப் பாருங்க. தண்ணீர் எதுவரை நிற்கிறது? கொசு உள்ளானுக்கு ஓர் அங்குலமே அதிகம். நெடுங்கால் உள்ளான் அரை அடி வரை இறங்கும். அதற்கு மேல் ஆழம் போனால் இரண்டுக்குமே அங்கே சாப்பாடு இல்லை.

இங்கேதான் விவசாயிக்கு வேலை இருக்கிறது. வட்டாட்சியர் அனுமதியோடு ஏரி வண்டல் எடுக்கிறோம். குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் மஞ்சளுக்கும் அதுபோல உரம் கிடையாது. எடுக்கட்டும். ஆனால் பொக்லைன் கரையோரத்தைச் சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டிவிட்டால், ஏரியில் தண்ணீர் இருக்கும், உள்ளான் இருக்காது. கன்னங்குறிச்சி மூக்கனேரியைத் தூர்வாரியபோது, அள்ளிய மண்ணிலேயே ஏரிக்குள் திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். மரத்தில் அடையும் பறவைகளுக்கு அது வசதி. சேற்றில் மேயும் உள்ளானுக்கோ சரிவான வெறும் கரை வேண்டும். நடுவில் ஆழமாக எடுத்துக்கொண்டு, ஒரு பக்கமாவது மெல்லச் சரியும்படி விட்டால் இரண்டு கணக்கும் நேராகும். அந்தச் சரிவில் மாடும் பயமில்லாமல் இறங்கித் தண்ணீர் குடிக்கும்.

வங்கியில் பேரேடு பார்த்த பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன். தேதியும் இடமும் இல்லாத படம், கையெழுத்தில்லாத வவுச்சர். இரண்டையும் குறித்து இ-பேர்டு தளத்தில் ஏற்றுங்க. தை மாதம் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேருங்க. அடுத்த முறை வண்டல் எடுக்கும் பேச்சு கிராம சபையில் வரும்போது, அந்தப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டி, எந்தப் பக்கக் கரையைச் சரிவாக விடணும் என்று கேளுங்க.