பட்டாளத்தான் பிள்ளைகள்

உழவர்கரை! பெயரிலேயே உழவன் இருக்கிறான். ஏர் பிடித்தவன் ஊர் அது. ஆனால், ஏர் சோறு போடாத காலத்தில் அந்த வட்டாரத்துக் கைகள் துப்பாக்கி பிடித்தன. பிரெஞ்சுக் கொடி பறந்த நாளில் புதுவையும் அதைச் சுற்றிய கொம்யூன்களும் பிரெஞ்சுப் படைக்கு ஆள் கொடுத்தன. 1914-18 பெரும்போருக்குப் போனார்கள். 1946 முதல் 1954 வரை நடந்த இந்தோசீனப் போருக்கும் போனார்கள். ஊர் அவர்களைச் ‘சொல்தா’ என்றது.

சொல்தாவின் மாடி வீட்டை ஊர் கண்டது. அவன் வாங்கிய பிரெஞ்சுப் பென்ஷனைக் கண்டது, பொறாமையும் கொண்டது. ஆனால் அந்த வீட்டுத் திண்ணையில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையைக் கண்டவர் எத்தனை பேர்?

அந்தப் பிள்ளையின் நாடு எது என்பதைக்கூடப் பெரியவர்களின் கையெழுத்துத்தான் முடிவு செய்தது. 1956 இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16 இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்றது. தந்தை எழுதினார்; சிறு பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர் ஆனார்கள்!

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள், தோழர்களே! கொடி மாறியது, வேலை மாறவில்லை. இன்று இந்தியப் படையில் இருக்கும் தமிழனின் வீட்டிலும் அதே காத்திருப்புத்தான். எல்லைப் பணிக்குப் போனால் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. தவழும் பிள்ளையை விட்டுப் போகிறவர், அது ஓடும்போது வருகிறார். பிள்ளை புதுமுகம் கண்டு அழுகிறது; அவர் மனம் உடைகிறது. பழகி மடியேறும் நேரத்தில் விடுமுறை முடிகிறது. பின்னர் கைப்பேசியில் முகம் தெரியும். நல்லதுதான். ஆனால் காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்க அதிலிருந்து கை நீளுமா?

இது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல. அமெரிக்கப் படையினரின் 3 முதல் 8 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2010 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெற்றோர் போர்முனைக்கு அனுப்பப்பட்ட காலத்தில், மனநல, நடத்தைக் கோளாறுகளுக்காக அப்பிள்ளைகள் மருத்துவரிடம் போவது 11 விழுக்காடு கூடியது என்றது அது. பணம் படைத்த நாட்டிலேயே இந்தக் கதி!

குடும்பத்தோடு போகக்கூடிய இடத்துக்கு மாற்றல் வந்தால்? வீடு மாறுகிறது, பள்ளி மாறுகிறது, கூட்டாளி மாறுகிறான். மாற்றலாகும் ஊழியரின் பிள்ளைகளுக்காக 1963 இல் மத்திய அரசு பள்ளிகளைத் தொடங்கியது. அவையே இன்றைய கேந்திரிய வித்யாலயாக்கள். பாடம் அறுபடாது, உண்மை. ஆனால் அங்கே பாடமொழி இந்தியும் ஆங்கிலமும். ஊரிலிருக்கும் பாட்டிக்குத் தமிழில் நாலு வரி எழுதத் தெரியாமல் பேரன் வளர்ந்தால், அந்த இழப்பு யார் கணக்கில்?

சலுகையிலும் மேல்தட்டு, கீழ்த்தட்டு! பெண் அதிகாரிகளுக்கு இருந்த குழந்தை பராமரிப்பு விடுப்பைப் பெண் சிப்பாய்க்கும் மாலுமிக்கும் சமமாக வழங்க ஒப்புதல் கிடைத்தது 2023 நவம்பரில்தான். அதிகாரியின் குழந்தைக்கு மட்டுந்தான் தாய் வேண்டுமா? துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் ஆண் வீரருக்கு 2019 இல் அந்த விடுப்பு கிடைத்தது. மனைவியோடு வாழும் சிப்பாய்த் தகப்பனுக்கோ அது இல்லை.

நாம் கேட்பது பிச்சையல்ல. பிள்ளையின் நோய்க்கும் தேர்வுக்கும் தகப்பனுக்கு விடுப்பு கொடு! சிப்பாய்க் குடும்பங்களுக்குப் போதிய குடியிருப்பு கட்டு! பிள்ளைகள் மனந்திறந்து பேச, பள்ளிதோறும் பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்து! எல்லையைக் காப்பவன் பிள்ளையைக் காப்பது அரசின் கடமை.

அரசுக்கு மட்டுமல்ல, நமக்கும் வேலை இருக்கிறது. ரெட்டியார்பாளையத்திலும் மூலக்குளத்திலும் பட்டாளத்தார் வீடு எது என்று அந்தந்தத் தெருத் தோழர் அறிந்திருக்க வேண்டும். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், அந்தத் தாய் முதலில் தட்டும் கதவு நம் கதவாக இருக்கட்டும். மாலையில் படிப்பகத்தைத் திறக்கும்போது அந்தப் பிள்ளையையும் அழைத்து வாருங்கள். கணக்குச் சொல்லிக் கொடுங்கள். தமிழும் சொல்லிக் கொடுங்கள். அப்பாவுக்கு அவன் கைப்படத் தமிழில் ஒரு கடிதம் எழுதட்டும். எல்லையில் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய பதக்கம் ஏது?